மீன்களைத் தேடிய டாக்டர்

போத்தனூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வயது 160-ஐத் தாண்டிவிட்டது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரை இருப்புப் பாதை போட்டு முடித்த 1862-ம் ஆண்டில் பிறந்த ஸ்டேஷன் அது. அந்தப் பாதையில் புகைவண்டி ஓடத் தொடங்கிய காலத்தில், கொச்சியில் ஓர் ஆங்கில டாக்டர் உத்தியோகம் பார்த்து வந்தார். அவருக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு முக்கியமோ, மீன் சந்தையும் அவ்வளவு முக்கியம். கறிக்கு மீன் வாங்குவதற்காக அல்ல! கரைக்கு வரும் ஒவ்வொரு மீனையும் எடுத்து, செதிலை எண்ணி, துடுப்பை அளந்து, படம் வரைந்து, சாராயம் நிரப்பிய ஜாடியில் போட்டு வைப்பார்.

அவர்தான் டாக்டர் பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அவர் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது. பவானி ஆற்றின் மீன்களை முறையாகப் பட்டியல் போட்டு உலகத்துக்குச் சொன்னவர் அவர். நீலகிரி ஓடைகளில் சீமை ட்ரவுட் மீனை வளர்க்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவரும் அவரே. அந்த ஆசை அவர் கண் முன்னால் நிறைவேறவில்லை.

டார்வின் படித்த பள்ளி

இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில், மேர்ஸ்பீல்டு என்னும் கிராமத்தில் 1829-ம் ஆண்டு டே பிறந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். ஷ்ரூஸ்பரி பள்ளியில் படித்தார். சார்லஸ் டார்வின் படித்த பள்ளிக்கூடமும் அதுதான். பிறகு லண்டனில் வைத்தியம் கற்று, 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் உதவி டாக்டராகச் சேர்ந்தார்.

வந்த சூட்டோடு அவரைப் பர்மா யுத்தத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யுத்தம் முடிந்து திரும்பியதும் பல ஊர்களுக்கு மாற்றல். அந்நாளில் பட்டாள டாக்டர்களுக்கு ஓய்வு நேரம் நிறைய உண்டு. சிலர் சீட்டாடினார்கள், சிலர் வேட்டையாடினார்கள், சிலர் செடி கொடிகளையும் பறவைகளையும் ஆராய்ந்தார்கள். இதே சென்னைப் பட்டாளத்தில் டேக்கு முன்னோடியாக இருந்த டாக்டர் ஜெர்டன், பறவைகளோடு தென்னிந்திய நன்னீர் மீன்களையும் 1849-லேயே ஆராய்ந்து எழுதியிருந்தார். டே பிடித்துக் கொண்டது மீனை மட்டும். கடைசி வரை விடவில்லை.

கொச்சி வாசம் அவருக்கு இரண்டு புத்தகங்களைக் கொடுத்தது. ஒன்று, கொச்சி ராஜ்யத்தின் பழைய கதையையும் அன்றைய நிலைமையையும் சொல்லும் 'பெருமாள்களின் நாடு', 1863-ல் வெளிவந்தது. மற்றொன்று 1865-ல் வெளிவந்த 'மலபார் மீன்கள்'. அதே 1865-ல் மலையாள மலை ஆறு ஒன்றில் கிடைத்த அழகான சிறு மீனுக்கு அன்றைய சென்னை கவர்னர் டெனிசன் துரையின் பெயரை வைத்தார். உடலில் சிவப்புக் கோடு ஓடும் அந்த மீன்தான் இன்று 'மிஸ் கேரளா' என்ற பெயரில் உலகம் முழுவதும் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகிறது. பிடித்துப் பிடித்து விற்றதில் அதன் சொந்த ஆறுகளிலேயே அது அருகிப் போய்விட்டது. கவர்னரை யாருக்கும் ஞாபகம் இல்லை. மீன் மட்டும் அவர் பெயரைச் சுமந்து கொண்டு திரிகிறது.

மலைக்கு ஒரு மீன்

அந்தக் காலத்தில் ஊட்டி கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1868-ல்தான் நீலகிரி தனியாகப் பிரிந்தது. ஊட்டி ஏரியை வெட்டுவித்த ஜான் சல்லிவன் கோயம்புத்தூர்க் கலெக்டர்தான். மலையில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் சீமை உருளைக்கிழங்கு, சீமை ரோஜா, சீமை ஆப்பிள் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஓடைகளில் தூண்டில் போட்டால் சீமை மீன் மட்டும் அகப்படவில்லை!

ட்ரவுட் என்பது குளிர்ந்த நீரோட்டத்தில் வாழும் மீன். தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும். கூழாங்கற்கள் மேல் குதித்து ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் கலக்கும் காற்றுதான் அதற்கு உயிர். சமவெளிக் குளத்தில் விட்டால் செத்துப்போகும். 6,000, 7,000 அடி உயரத்தில் உள்ள நீலகிரி ஓடைகளைப் பார்த்த டே, இங்கே ட்ரவுட் வளரும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் மீனை எப்படிக் கொண்டு வருவது?

1863-ல் அவர் முயன்று பார்த்தார். பலிக்கவில்லை. இந்தியாவுக்கு ட்ரவுட் கொண்டுவர நடந்த முதல் முயற்சி அதுதான்.

தோல்விக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சூயஸ் கால்வாய் திறக்காத காலம் அது, 1869-ல்தான் திறந்தார்கள். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் எகிப்து வரை ஒரு கப்பல், அங்கே தரைப் பிரயாணம், மறுபடி செங்கடலில் இன்னொரு கப்பல். எந்த வழியில் வந்தாலும் வெயில்! போத்தனூர் வரை ரயில் வந்துவிட்டாலும் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை 1873-ல்தான் வந்தது. அங்கிருந்து மலை மேலே மாட்டு வண்டியும் சுமைகூலி ஆட்களும்தான். பட்டணத்தில் ஐஸ் கட்டி இருந்தது உண்மை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்து வைத்த கட்டிடம் இன்றும் சென்னைக் கடற்கரையில் நிற்கிறது. அந்த ஐஸ், துரைமார்களின் கிளாசைக் குளிர வைத்ததே தவிர, மீன் முட்டையை வாரக் கணக்கில் காப்பாற்றப் போதவில்லை.

அடுத்த வருஷமே பூமியின் மறு கோடியில் இதே காரியம் வெற்றி பெற்றது. 1864 ஜனவரியில் லண்டனிலிருந்து புறப்பட்ட 'நார்போக்' என்ற பாய்க்கப்பலில், ஈரப் பாசியில் பொதிந்த சால்மன், ட்ரவுட் முட்டைகளை மரப் பெட்டிகளில் அடுக்கி, டன் கணக்கான ஐஸுக்கு நடுவே வைத்து அனுப்பினார்கள். ஜேம்ஸ் யூல் என்பவர் பல ஆண்டுகள் விடாமல் முயன்று கண்டுபிடித்த வழி அது. மூன்று மாதப் பிரயாணத்துக்குப் பிறகு டாஸ்மேனியாவில் அந்த முட்டைகள் பொரித்தன. ஆனால் டாஸ்மேனியாவில் துறைமுகத்தை விட்டு இறங்கியதும் குளிர்ந்த ஆறு. இங்கேயோ, துறைமுகத்துக்கும் மலைக்கும் நடுவே முந்நூறு மைல் கொதிக்கிற சமவெளி.

பவானியின் மீன்கள்

ட்ரவுட் வராவிட்டாலும் டே மலையை விட்டு வெறுங்கையோடு இறங்கவில்லை. நீலகிரி ஓடைகளிலும், மலையடிவாரத்து ஆறுகளிலும் வலை போட்டுத் தேடினார். 1867-ல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் ஏட்டில் நீலகிரி மீன்களைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். குந்தா மலைகளில் பிறந்து, அட்டப்பாடிக்குப் போய்த் திரும்பி, மேட்டுப்பாளையம் வழியாக ஓடிக் கூடுதுறையில் காவிரியோடு கலக்கும் பவானியில் என்னென்ன மீன் உண்டு என்று அதில் எழுதினார். மலையடிவாரத்தில் பவானியில் கிடைத்த ஒரு கெண்டை இனத்துக்கு அவர்தான் முதன் முதலில் பெயர் சூட்டினார். மலை மேலே ஓடைகளில் துள்ளும் விரல் நீளச் சிறு மீன் ஒன்றுக்கு நீலகிரியின் பெயரையே வைத்தார்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நீலகிரியைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லாத அந்தச் சிறு மீனை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் டே. சிறு மீன்களை விழுங்கிப் பெருக்கும் ட்ரவுட்டை அதே மலை ஓடைகளில் விட ஆசைப்பட்டவரும் டேதான்! வெளியூர் மீன் வந்தால் உள்ளூர் மீனுக்கு ஆபத்து என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கே வரவில்லை. அவரை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. இன்றைக்கு அந்த நீலகிரிச் சிறு மீன், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது.

அணை கட்டியவரே கேட்ட கேள்வி

தூண்டில்காரர்களின் ஆசை வேறு. ஏழைகளின் சாப்பாடு வேறு. டேயின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் இரண்டாவதில் வந்தது.

கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணைகள் கட்டிப் புகழ் பெற்றவர் சர் ஆர்தர் காட்டன். ஆற்றின் குறுக்கே அணை எழும்பினால், கடலிலிருந்து முட்டையிட மேலே ஏறிவரும் மீன்களின் கதி என்ன ஆகும் என்ற கேள்வியை 1867-ல் சர்க்காருக்கு எழுப்பியவரும் அதே காட்டன்தான். தன் கையால் கட்டிய அணையைப் பற்றியே இப்படிக் கேட்க ஒரு மனம் வேண்டும். கேள்விக்குப் பதில் தேடும் வேலை டேயிடம் வந்தது.

டே ஆறு ஆறாகப் போனார். அணைக்கரையில் உள்ள கீழணைக்குக் கீழே உள்ளம் மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து முட்டிக்கொள்ளும். வங்காளிகள் உயிரை விடும் ஹில்ஸா மீன்தான் நம் உள்ளம். அது கடலில் வளர்ந்து, ஆற்றில் ஏறி முட்டையிடும் ஜாதி. அணையைத் தாண்ட வழி இல்லாமல் அவை அடிவாரத்திலேயே சுற்றும்போது, வலை போட்டு அள்ளிவிடுவார்கள். முட்டையிட வந்த தாய் மீன் முட்டையோடு சட்டிக்குப் போகும். அணைகளில் மீன் ஏறிச் செல்லப் படி போன்ற வழி வைக்க வேண்டும், அணைக்குக் கீழே குறிப்பிட்ட தூரம் வரை மீன் பிடிக்கக் கூடாது என்று டே சொன்னார்.

1871-ல் அவரை இந்தியா முழுமைக்கும் மீன் துறை இன்ஸ்பெக்டர் ஜெனரலாக நியமித்தார்கள். பெரிய பட்டம்தான். ஆனால் கீழே ஆள் பலம் இல்லாத பட்டம். டே ஒரு யுக்தி செய்தார். கலெக்டர்கள், தாசில்தார்கள் எல்லோருக்கும் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார். உங்கள் தாலுகாவில் மீன் பிடிப்பவர்கள் எத்தனை பேர்? என்ன வலை? கண்ணியின் அளவு என்ன? மீன் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? பர்மா முதல் பஞ்சாப் வரை வந்து குவிந்த பதில்களைத் தொகுத்து, 1873-ல் நன்னீர் மீனுக்கு ஓர் அறிக்கை, கடல் மீனுக்கு ஓர் அறிக்கை என்று வெளியிட்டார்.

படித்தவர்களுக்குத் திகைப்பு. கொசுவலை போன்ற கண்ணியில் குஞ்சுகளைப் படி படியாக அள்ளுகிறார்கள்; வயல் வரப்பு மடைகளில் மூங்கில் பறி வைத்து, முட்டையிட ஏறும் மீனையும் பிடிக்கிறார்கள், இறங்கும் குஞ்சையும் பிடிக்கிறார்கள்; காக்கைக்கொல்லி விதையை அரைத்து மடுவில் கலக்கி ஒரே நாளில் பெரிது சிறிது எல்லாவற்றையும் மிதக்க விடுகிறார்கள். புதிதாக வந்த வெடி மருந்தும் சேர்ந்துகொண்டது. குஞ்சு மீனைப் பிடிக்காதபடி வலைக் கண்ணிக்கு ஓர் அளவு வேண்டும், விஷமும் வெடியும் அடியோடு கூடாது, ஆற்றில் நிலையாகக் கட்டி வைக்கும் பொறிகளை எடுக்க வேண்டும் என்று அவர் சிபாரிசு செய்தார்.

எதிர்ப்பு பலமாக வந்தது. எதிர்த்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. சட்டம் போட்டால் சேவகன் கையில் தடி கொடுத்தது போல ஆகும், அவன் ஏழையின் பறியைப் பிடுங்கி லஞ்சம் கேட்பான் என்று பல அதிகாரிகள் பயந்தார்கள். பஞ்ச காலத்தில் குளத்து மீன்தான் ஏழைக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைப்பது. அதையும் தடுக்கலாமா என்று கேட்டார்கள். இன்றைக்குப் பிடிக்கிற குஞ்சு நாளைக்கு அதே ஏழையின் தட்டில் விழ வேண்டிய பெரிய மீன் என்பது டேயின் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. சர்க்கார் வழக்கம் போல யோசித்துக்கொண்டே இருந்தது.

உப்பு விஷயத்திலும் அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. உப்பு வரி அதிகமாக இருந்ததால் கடற்கரை மக்கள் உப்பு வாங்க முடியாமல், மீனை வெறும் மணலில் காயப் போட்டு, பாதி அழுகிய கருவாட்டைத் தின்றார்கள். மீனுக்கு மலிவாக உப்புக் கொடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பின்னால் சென்னை ராஜதானிக் கடற்கரையில் மீன் உப்பிடும் முற்றங்கள் ஏற்பட்டன. அங்கே வரியில்லா உப்புக் கிடைத்தது.

இத்தனைக்கும் நடுவில் அவர் வீட்டில் துக்கம் மேல் துக்கம். 1869-ல் மனைவி எம்மா காலமானார். 1872-ல் மறுமணம் செய்து கொண்டார். இரண்டாவது மனைவி எமிலியும் மறு வருஷமே இறந்து போனார். இரண்டு பெண் குழந்தைகளோடு நின்ற அந்த மனிதர், அதே 1873-ல்தான் மேலே சொன்ன இரண்டு பெரிய அறிக்கைகளையும் கொடுத்தார்.

பெரிய புத்தகம்

1875 முதல் 1878 வரை நான்கு பகுதிகளாக 'இந்திய மீன்கள்' வெளிவந்தது. ஏறக்குறைய இருநூறு பக்கம் முழுவதும் படங்கள். கடல், ஆறு, குளம், கழிமுகம் எதையும் விடவில்லை. பல மீன்களுக்கு அந்தந்த ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினார். தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் கொஞ்சம் திக்கித் திணறித்தான் நிற்கின்றன. ஆனாலும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் நம் வலைஞர்கள் எந்த மீனை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தப் புத்தகம் உதவுகிறது.

1877-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரில் குடியேறினார். அங்கேயும் மீன்தான். ஸ்காட்லாந்தில் ஹௌவிட்டன் என்ற இடத்தில் சர் ஜேம்ஸ் மெயிட்லண்டு நடத்திய பெரிய ட்ரவுட் பண்ணைக்குப் போய், ஒரு வகையின் முட்டையோடு இன்னொரு வகையின் விந்தைச் சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்துப் பார்த்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் மீன் நிபுணரான டாக்டர் குந்தர், பிரிட்டனின் ட்ரவுட் மீன்களைப் பல இனங்களாகப் பிரித்து வைத்திருந்தார். டே அதை ஒப்பவில்லை. தண்ணீருக்கும் தீனிக்கும் தக்கபடி நிறமும் புள்ளியும் மாறுமே தவிர, எல்லாம் ஒரே இனம்தான் என்றார். 1887-ல் இதற்கென்றே புத்தகம் எழுதினார். பிற்காலத்து அறிஞர்கள் பெரும்பாலும் டேயின் பக்கமே சாய்ந்தார்கள்.

குந்தருக்கும் டேக்கும் ஏற்கெனவே ஆகாது. அதனால் ஒரு வினோதம் நடந்தது. 1883-ல் லண்டனில் நடந்த சர்வதேச மீன் பொருட்காட்சியில் டேயின் இந்திய மீன் ஜாடிகள் தங்கப் பதக்கம் வாங்கின. அந்த ஜாடிகளில் பெரும் பகுதி லண்டன் மியூசியத்துக்குப் போகாமல், ஆஸ்திரேலியாவில் சிட்னி மியூசியத்துக்கு விலையாகிவிட்டது! மிச்சம் இருந்ததைக் கடைசிக் காலத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். பகையைச் சுடுகாடு வரை கொண்டு போகவில்லை.

1889 ஜூலை 10-ந் தேதி, வயிற்றில் வந்த புற்றுநோயால் செல்ட்டன்ஹாமில் டே காலமானார். அவருக்கு வயது 60. பிரிட்டிஷ் இந்திய உயிரின வரிசையில் அவர் எழுதிய மீன்களைப் பற்றிய இரண்டு பாகங்களும் அதே வருஷம் வெளிவந்தன. 1,400-க்கு மேற்பட்ட மீன் இனங்கள் அவற்றில் அடங்கியுள்ளன.

பிறகு வந்தது

விஷத்தையும் வெடியையும் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் நிறைவேறியது. அவர் அறிக்கை கொடுத்து 24 வருஷங்கள் கழித்து. அவர் இறந்து எட்டு வருஷங்கள் கழித்து.

நீலகிரியில் காரியம் வேறு வழியில் முந்திக்கொண்டது. 1877-ல் ஊட்டியில் வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் சேர்ந்து ஒரு பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள். கண்டபடி சுட்டும் பிடித்தும் தீர்த்தால் நாளைக்குத் தங்களுக்கே ஒன்றும் மிஞ்சாது என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். சுயநலம்தான், ஆனாலும் கணக்குத் தெரிந்த சுயநலம். 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கக் கூடாது, மூடுகாலத்தில் தூண்டிலை எடுக்கக் கூடாது என்ற வழக்கங்கள் அதிலிருந்து வளர்ந்தன. இவற்றால் பாதிக்கப்பட்ட மலைவாசிகளை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சங்கம் காலத்தோடு மாறி, நீலகிரி வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கம் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது.

ட்ரவுட்டும் கடைசியில் வந்து சேர்ந்தது. இலங்கையில் நுவரெலியா மலை ஓடைகளில் 1880-களிலேயே ட்ரவுட் விட்டுவிட்டார்கள். காஷ்மீருக்கு 1900-ல் போயிற்று. சென்னை சர்க்கார் எச். சி. வில்சன் என்ற நிபுணரை வரவழைத்தது. குந்தா மலையில் அவலாஞ்சியில் அவர் 1907-ஐ ஒட்டிப் பொரிப்பகம் கட்டினார். இலங்கையிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நியூஜிலாந்திலிருந்தும் வானவில் ட்ரவுட் முட்டைகள் வந்தன. மேட்டுப்பாளையத்துக்கு ரயிலில் வரும் எந்தப் பெட்டியும் அன்று போத்தனூரைத் தொடாமல் போக வழி இல்லை. 1863-ல் டேக்குக் கிடைக்காத ரயில் பாதை 1907-ல் காத்திருந்தது. முட்டைகள் பொரித்தன. இதே வில்சன்தான் 1909-ல் கீழணைக்குப் போய், டே கவலைப்பட்ட உள்ளம் மீனின் முட்டையைக் கையால் பிழிந்து பொரிக்க வைத்துப் பார்த்தவர்.

அவலாஞ்சித் தண்ணீர் குந்தா ஆறாக இறங்கிப் பில்லூரில் பவானியோடு சேர்கிறது. பில்லூர்த் தண்ணீர் கோவை நகரத்துக் குழாய்களில் வருகிறது. ட்ரவுட் கீழே இறங்காது. தண்ணீரின் சூடு அதற்குக் காவல்காரன். ஆனால் சமவெளிக்கு வேறு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை கோவைக் குளங்களை நிரப்பிவிட்டது. பவானிசாகருக்கு வந்து சேரும் மோயாற்றில், மனிதன் உயரம் வளரக்கூடிய திமில் மகசீர் என்னும் பெருங்கெண்டை இன்று விரல் விட்டு எண்ணும் நிலையில் இருக்கிறது. அதற்கு அறிஞர்கள் சரியான பெயரைத் தீர்மானித்ததே 2018-ல்தான்.

போத்தனூரை ஒட்டிய வெள்ளலூர்க் குளம் நீண்ட காலம் வறண்டு முள் மண்டிக் கிடந்தது. 2017-ல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த தொண்டர்கள் ஞாயிறு தோறும் மண்வெட்டியும் கையுமாக இறங்கி, நொய்யல் தண்ணீர் வரும் வாய்க்காலைத் தூர் எடுத்தார்கள். தண்ணீர் வந்தது. தண்ணீரோடு மீனும் வந்தது. மீனைத் தேடிப் பறவைகளும் வந்தன.

பவானியிலோ நொய்யலிலோ பிடித்த ஒரு கெண்டை எந்த இனம் என்று இன்றைக்கு ஒரு மாணவனுக்குச் சந்தேகம் வந்தால், அவன் முதலில் டேயின் புத்தகத்தைப் புரட்டுகிறான். அதிலும் தீராவிட்டால் கல்கத்தாவுக்கோ, லண்டனுக்கோ, சிட்னிக்கோ எழுதுகிறான். அங்கே ஜாடிகளில், டாக்டர் டே கையால் போட்டு வைத்த மீன்கள் நிறம் வெளுத்து இன்னும் இருக்கின்றன.